தண்ணீருக்கு நம்பலாம், நண்டுத் தொகுப்புக்கு வேண்டாம்: ஒரு கடல்தொட்டிக் கடையின் மதிப்புரை

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் வழியிலுள்ள சிற்றூர் ஒன்றில், தங்கமீனும் கப்பியும் விற்கும் முன்னறையைத் தாண்டி உள்ளே சென்றால், ரீஃப் தொட்டிக்கான (பவளமும் பாறையும் வைத்த கடல்நீர்த் தொட்டி) கடல் உயிரினங்களுக்கென்றே குளிரூட்டிய அறை ஒன்றை வைத்திருக்கும் கடை இருக்கிறது. குறைகளையும் எழுதப் போவதால் அதன் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இங்கே உப்புநீரையும் பாறையையும் தயங்காமல் வாங்கலாம். ஆனால், தொட்டியைத் துப்புரவாக வைத்திருக்கும் என்று சொல்லி ஐந்து வகைகளில் ஆறு நண்டுகளை ஒரே விலைக்குச் சேர்த்துத் தருகிறார்களே, அந்தத் தொகுப்பை வாங்கக் கூடாது. அதே கடையில் மூன்று வகை நண்டுகளை மட்டும் தனித்தனியே கேட்டு வாங்குபவர் ஏமாற மாட்டார்.

திருவாரூரில் என் வீட்டில் இருப்பது நான்கு அடி நீளமும் சுமார் 250 லிட்டர் கொள்ளளவும் உடைய தொட்டி. இந்தக் கடை வருவதற்கு முன்பு, டெல்டாவில் கடல்தொட்டி வைத்திருந்தவர்கள் உப்புக்கும் உயிருக்கும் சென்னை கொளத்தூரையே நம்பியிருந்தார்கள். இரவுப் பேருந்தில் ஏற்றிவிடும் பார்சல் காலையில் வந்து சேரும்போது, பையிலிருக்கும் உயிர் பிழைத்திருப்பது வெயிலையும் ஓட்டுநரின் இரக்கத்தையும் பொறுத்ததாக இருந்தது. அந்தத் தொல்லை இப்போது இல்லை என்பதே இந்தக் கடையின் முதல் தகுதி. கொளத்தூர் விலையைவிடச் சற்றுக் கூடுதலாகக் கேட்கிறார்கள். பேருந்துக் கட்டணத்தையும் வழியில் சாகும் உயிர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் அந்தக் கூடுதல் நியாயமானதே.

தண்ணீர் விஷயத்தில் இவர்களுடைய ஒழுங்கு பாராட்டத்தக்கது. பல கடைகளில் கடல்மீன்கள் இருக்கும் தொட்டிகளின் உப்படர்த்தியை வேண்டுமென்றே குறைத்து வைப்பார்கள். ஒட்டுண்ணிகள் கட்டுப்படும், உப்புச் செலவும் குறையும். மீன்கள் அதைத் தாங்கிக்கொள்ளும், நண்டும் இறாலும் பவளமும் தாங்கிக்கொள்வதில்லை. இங்கே முதுகெலும்பற்றவற்றுக்குத் தனிக் குழாய் அமைப்பும் தனி வடிகட்டியும் வைத்து, ஒப்படர்த்தியை (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025-க்கும் 1.026-க்கும் இடையில் நிறுத்தியிருக்கிறார்கள். கேட்டால் அதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்து நம் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். ஆர்.ஓ. நீரில் உப்பைக் கலந்து 20 லிட்டர் கேன்களிலும் விற்கிறார்கள். நாகை, வேதாரண்யம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் ஏற்கெனவே உவர்ப்பாக இருப்பதால் அதில் சிறிது உப்பைச் சேர்த்தால் போதும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாக்குக்கு உவர்ப்பாக இருக்கும் நீரெல்லாம் கடல்நீரின் சேர்மானம் கொண்டதல்ல. தரங்கம்பாடியிலோ பூம்புகாரிலோ கரையோரத்தில் கேன் நிரப்பி வருவதும் ஆபத்தான சிக்கனம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறுகளும் வாய்க்கால்களும் கடலில் கொட்டும் நாட்களில், கரையோர நீரின் உப்பும் குறைந்துவிடும், வயல்களிலிருந்து வரும் பூச்சிமருந்தும் அதில் கலந்திருக்கும்.

தாமிரத்தைப் பற்றியும் இவர்கள் கண்டிப்பாக இருக்கிறார்கள். வெண்புள்ளி நோய் கண்ட மீன்களுக்குத் தாமிர மருந்து இடுவது வழக்கம். மீனைக் காப்பாற்றும் அந்த அளவே நண்டைக் கொன்றுவிடும். ஆகவே மீன் தொட்டியின் நீர் ஒரு துளிகூட நண்டுத் தொட்டிக்கு வராதபடி வலைகளையும் குழாய்களையும் நிறம் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு பொருத்தமும் உண்டு: கும்பகோணத்துப் பித்தளைக் குடமும் செப்புத் தவலையும் இல்லாத வீடு குறைவு. அவற்றில் உப்புநீரைக் கலக்கக் கூடாது, பிளாஸ்டிக் வாளியையே பயன்படுத்த வேண்டும் என்று ஒவ்வொரு புதிய வாடிக்கையாளரிடமும் கடைக்காரர் சொல்கிறார்.

பாறையிலும் சட்டத்தை மதிக்கிறார்கள். கடினப் பவளங்கள், கடல் விசிறிகள், கடற்குதிரைகள் ஆகியவை 2001-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவிலிருந்து பெயர்த்து வந்த பாறையை வைத்திருப்பதே குற்றம். இந்தக் கடையில் வார்த்தெடுத்த செயற்கைப் பாறை மட்டுமே கிடைக்கிறது. ஸோவாந்தஸ், காளான் பவளம் போன்ற மென்பவளங்களைத் தவிர வேறு பவளத்தை நான் அங்கே பார்த்ததில்லை. நண்டு வளர்ப்பவருக்கு இதில் ஒரு மறைமுக நன்மையும் கிடைக்கிறது. இயற்கைப் பாறையின் பொந்துகளில் ஒளிந்து வரும், கால்களில் மயிரும் கொடுக்கு நுனியில் கருமையும் கொண்ட முரட்டு நண்டுகள் இரவில் நத்தைகளையும் பவளங்களையும் தின்றுவிட்டுப் பகலில் கண்ணில் படாமல் திரிபவை. செயற்கைப் பாறையோடு அவை வந்து சேர வழியில்லை.

இனி அந்த நண்டுத் தொகுப்பு. நீலக்கால் ஹெர்மிட் (வெற்றுச் சங்குக்குள் வாழும் நண்டு) இரண்டு, செந்நிற ஹெர்மிட் ஒன்று, எமரால்டு நண்டு ஒன்று, சாலி லைட்ஃபுட் ஒன்று, ஆரோ நண்டு ஒன்று. விற்கும்போது கடைக்காரர், “எல்லாம் ஒண்ணா இருக்கும் சார், ஒண்ணும் பயப்படாதீங்க” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார். கண்ணாடிக்கு அப்பால் அவை ஒன்றாக இருப்பதும் உண்மைதான். ஆனால் கடையின் தொட்டியில் நாள்தோறும் இரை விழுகிறது, எந்த நண்டும் நெடுநாள் தங்குவதில்லை, உரிமை கொண்டாட ஒரு பொந்தும் இல்லை. வீட்டுத் தொட்டியில் இந்த மூன்றும் தலைகீழாகின்றன. பாசி தீர்ந்துபோகிறது, நண்டு வளர்கிறது, ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சண்டை அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

தொகுப்பிலேயே சிறந்தது செந்நிற ஹெர்மிட். மேற்கு அட்லாண்டிக்கிலிருந்து வரும் இந்தச் சிறு நண்டு, மஞ்சள் கண்களோடும் இரத்தச் சிவப்புக் கால்களோடும் பாறையில் மெல்ல ஊர்ந்து, இழைப்பாசியையும் மீன் மிச்சங்களையும் பொறுக்கித் தின்னும். பவளத்தின் மீது ஏறி இறங்குமே தவிர அதைக் கடிப்பதில்லை. நீலக்கால் ஹெர்மிட்டும் உழைப்பாளிதான், ஆனால் பொறுமை குறைந்தது. ஹெர்மிட்டுகளுக்கு வயிற்றுப் பகுதியில் ஓடு கிடையாது. அந்த மென்மையான பகுதியை வெற்றுச் சங்கு ஒன்றுக்குள் நுழைத்துக்கொண்டே வாழ வேண்டும், உடல் வளர வளரச் சங்கை மாற்ற வேண்டும். பொருத்தமான சங்கு கிடைக்காதபோது நீலக்கால், உயிருள்ள டர்போ நத்தையை வெளியே இழுத்துக் கொன்றுவிட்டு அதன் சங்கில் குடியேறும், அல்லது பக்கத்திலிருக்கும் ஹெர்மிட்டைத் துரத்திவிட்டு அதனுடையதைப் பறித்துக்கொள்ளும். தொட்டியில் நத்தைகள் குறைந்துகொண்டே வந்தால் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஆகையால் ஹெர்மிட் வாங்கும்போது, இப்போதைய சங்கைவிடச் சற்றுப் பெரியதிலிருந்து இரு மடங்கு வரை, வட்ட வாய் கொண்ட வெற்றுச் சங்குகளை நண்டு ஒன்றுக்கு மூன்று வீதமாவது சேர்த்து வாங்க வேண்டும். கடையில் கிடைக்கும் சங்குப் பொட்டலத்தைத்தான் என்னால் பாராட்ட முடியவில்லை. அதில் பாதிக்கு மேல் ஓட்டை விழுந்தவை. ஓட்டையுள்ள சங்கை ஹெர்மிட் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுத் தள்ளிவிடும். வேளாங்கண்ணிப் பக்கம் விற்கும் வார்னிஷ் பூசிய அலங்காரச் சங்குகளும் உதவாது, பூச்சு உரிந்து நீரில் கலக்கும். சங்கினங்கள் சில சட்டப் பாதுகாப்பில் இருப்பதால் கண்டதையெல்லாம் கடற்கரையில் பொறுக்குவதும் சரியல்ல. சமையலுக்கு வாங்கிய கடல் நத்தைகளின் ஓடுகளைக் கொதிக்க வைத்துக் காயவைத்துக்கொள்வதே எனக்குத் தெரிந்த எளிய வழி.

எமரால்டு நண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் பலர் இந்தத் தொகுப்பையே இதற்காகத்தான் வாங்குகிறார்கள். கரீபியன் கடலைச் சேர்ந்த இந்தப் பச்சை நண்டின் கொடுக்கு நுனிகள் கூராக இல்லாமல் கரண்டி வடிவில் குழிந்திருக்கும். பாறையில் ஒட்டிய பாசியைச் சுரண்டுவதற்கென்றே அமைந்தவை அவை. கண்ணாடி உருண்டை போல் வளர்ந்து பாறையையே மூடிவிடும் குமிழ்ப்பாசியைத் தின்னும் உயிர்கள் மிகச் சில; அவற்றுள் முதன்மையானது இது. பசியோடு இருக்கும் சிறு எமரால்டு அந்தப் பாசியைப் படிப்படியாகக் குறைத்துவிடுவதை என் தொட்டியில் பார்த்திருக்கிறேன். ஆனால் நண்டு கொழுத்தால் வளையில் இராது என்பது இதற்கு அப்படியே பொருந்தும். கால்களோடு ஐந்தாறு சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்து, பாசியும் தீர்ந்துபோன நிலையில், ஸோவாந்தஸின் மொட்டுகளைக் கிள்ளவும் தூங்கும் சிறு மீன்களைத் துழாவவும் தொடங்கும். பாசி தீர்ந்ததும் உலர்ந்த கடற்பாசித் தாளில் ஒரு துண்டை அதன் பொந்தருகே செருகி வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

ஒரே தொட்டியில் இரண்டு ஆண் எமரால்டுகளை வைக்கக் கூடாது. ஆணா பெண்ணா என்று பார்ப்பது நம் ஊர்க்காரர்களுக்குக் கற்றுத்தர வேண்டிய வித்தை அல்ல. சந்தையில் களி நண்டு வாங்கும்போது திருப்பிப் பார்ப்போமே, அதே அடையாளம்தான்: வயிற்று மடிப்பு குறுகியிருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். கடையில் கேட்டால் வலையில் எடுத்துத் திருப்பிக் காட்டுகிறார்கள், முகம் சுளிப்பதில்லை.

சாலி லைட்ஃபுட் இந்தத் தொகுப்பில் இருக்கவே கூடாது. தட்டையான உடலும் மஞ்சள் வளையமிட்ட கால்களும் கொண்ட அழகிய நண்டு, சிறியதாக இருக்கும்போது பாசி மட்டுமே தின்னும், மின்னலைப் போல் ஓடும். வளர்ந்த பிறகு அந்த வேகத்தையே வேட்டைக்குப் பயன்படுத்துகிறது. இறாலையும் மற்ற நண்டுகளையும் சிறு மீன்களையும் விடுவதில்லை. புதிய இடத்தில் எவ்வளவு எளிதாகக் காலூன்றும் என்பதற்கு மத்தியதரைக் கடலே சான்று. 1999-இல் அங்கே முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இந்த இனம், சில ஆண்டுகளிலேயே அக்கடலின் கரைகள் பலவற்றில் பரவிவிட்டது. வீட்டுத் தொட்டியிலிருந்து பிடித்து வெளியேற்றலாம் என்றால் பாறை முழுவதையும் கலைக்க வேண்டியிருக்கும்.

ஆரோ நண்டும் அப்படியே. சிலந்தி போன்ற நீண்ட கால்களும் ஈட்டி போல் நீண்ட மூக்கும் கொண்ட அது, முட்புழுக்களைத் தின்னும் என்பதற்காக விற்கப்படுகிறது. முட்புழுக்கள் மிச்ச இரையைத் தின்று தொட்டிக்கு நன்மை செய்பவை என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஆரோ நண்டு அவற்றோடு நிற்பதில்லை, விசிறிப்புழுவையும் சிறு இறால்களையும் சேர்த்தே தின்றுவிடும். ஹெர்மிட்டுகளைச் சங்கிலிருந்து உருவுவதும் உண்டு. மென்பவளங்களோடு பெரிய மீன்கள் மட்டுமே உள்ள தொட்டியில் ஒன்றே ஒன்றாக வைக்கலாம்.

தொகுப்பில் இல்லாத, ஆனால் அதே கடையில் தனியாக விற்கும் இரண்டு நண்டுகளும் என் கருத்தில் பணத்திற்கு ஈடானவை. ஒன்று போர்சலின் நண்டு. இது அனிமோன் என்ற, பூப்போல் இழைகள் விரிந்த கடலுயிரின் இழைகளுக்கிடையே அமர்ந்து, வாயருகே உள்ள இரண்டு விசிறிகளை மாறி மாறி வீசி நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்துத் தின்னும். பெரிய கொடுக்கு இருந்தாலும் யாரையும் தாக்குவதற்கு அதைப் பயன்படுத்துவதில்லை. அச்சுறுத்தினால் கொடுக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடும், அடுத்தடுத்த முறை ஓடு கழற்றும்போது அது மீண்டும் முளைக்கும். ஒரே அனிமோனில் க்ளௌன் மீன் இணை இருந்தால் போர்சலினை அடித்து விரட்டக்கூடும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். மற்றொன்று பாம்பாம் நண்டு. இரண்டு கொடுக்குகளிலும் சின்னஞ்சிறு அனிமோன்களை ஏந்திக்கொண்டு, அவற்றைக் குத்துச்சண்டைக்காரரின் கையுறைகள் மாதிரி ஆட்டி எதிரிகளை அச்சுறுத்தும், அவற்றாலேயே இரையைத் துடைத்தும் எடுக்கும். ஓர் அனிமோன் தொலைந்துபோனால் மிஞ்சியதை இரண்டாகக் கிழித்துக் கைக்கொன்றாகப் பிடித்துக்கொள்ளும். உடலின் அகலம் இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டாத இதை 250 லிட்டர் தொட்டியில் விட்டால் மறுபடி பார்ப்பது அரிது. சிறு தொட்டியில், சாதுவான நத்தைகளோடு மட்டும் வைக்க வேண்டும். ஆரோவோ பெரிய எமரால்டோ இருக்கும் தொட்டி இதற்குப் புதைகுழி.

ஆகவே என் அளவுள்ள தொட்டிக்கு இந்தக் கடையிலிருந்து நான் பரிந்துரைப்பது செந்நிற ஹெர்மிட் இரண்டு மூன்று, ஒரு பெண் எமரால்டு, அனிமோன் இருந்தால் ஒரு போர்சலின். இவை மூன்றும் இரைக்காகப் போட்டியிடுவது குறைவு: ஹெர்மிட் தரையிலும் பாறையின் அடியிலும் பொறுக்கும், எமரால்டு இரவில் பொந்தைச் சுற்றிச் சுரண்டும், போர்சலின் இருந்த இடத்திலேயே நீரை வடிக்கும். பவளங்களும் நண்டுகளும் ஒருங்கே வாழும் தொட்டியில் கால்சியத்தை லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் வரையும் காரத்தன்மையை 8 முதல் 10 dKH (காரத்தன்மையின் அலகு) வரையும் நிலையாக வைத்திருக்க வேண்டும். புதிய ஓடு கெட்டிப்படுவதற்கும் கால்சியம் வேண்டும். ஓடு கழற்றிய நண்டு ஓரிரு நாட்கள் மெத்தென்று இருக்கும் என்பது வரப்பில் நண்டு பிடித்தவர்களுக்குத் தெரிந்ததே. கூட்டுத் தொட்டியில் நண்டுகள் சாவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். எனவே நண்டுகளின் எண்ணிக்கையைவிடப் பொந்துகளின் எண்ணிக்கை கூடுதலாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கே கொண்டுவந்து தரும் சேவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நண்டுகளைத் தனித்தனிப் பைகளில், ஒவ்வொன்றிலும் பிடித்துக்கொள்ள ஒரு வலைத்துண்டு வைத்து, தெர்மோகோல் பெட்டியில் அனுப்புகிறார்கள். பையை அப்படியே கவிழ்க்காமல், மெல்லிய குழாய் வழியே தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் விட்டுப் பழக்க வேண்டும் என்ற குறிப்பும் தமிழில் உள்ளே இருக்கிறது. சித்திரை, வைகாசியில் மட்டும் அவர்கள் சொல்லும் ஒரு யோசனையை எல்லோரும் ஏற்க வேண்டியதில்லை: குளிர்விப்பான் வேண்டாம், மின்விசிறி போதும் என்கிறார்கள். தஞ்சாவூரின் வறண்ட வெயிலில் விசிறிக் காற்று நீரை இரண்டு மூன்று டிகிரி குளிர்விக்கும். நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்துப் புழுக்கத்தில் ஆவியாதலே மந்தமாவதால் அந்தப் பயன் பாதியாகிவிடும். விசிறி வைத்தவர்கள் ஆவியான அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. நீரை நாள்தோறும் நிரப்பாவிட்டால் உப்படர்த்தி ஏறிக்கொண்டே போகும். மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் காற்றுக்குழாயும் அங்கே கிடைக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் மின்சாரமின்றி இருந்த ஊர்களில் இதை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

உத்தரவாதத்தைப் பற்றி ஒரு செய்தி. நண்டு இறந்து வந்தாலோ, வந்த மறுநாளே இறந்தாலோ, படம் அனுப்பினால் வேறு நண்டு தருகிறார்கள். ஆனால் அனுப்பும் முன், கிடப்பது பிணமா கழற்றிய ஓடா என்று பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள், அது நியாயமான நிபந்தனை. கழற்றிய ஓட்டில் கண், மீசை, கால் எல்லாம் முழுமையாக இருக்கும். எனினும் எடுத்தால் எடையே இருக்காது, முதுகோட்டின் பின்விளிம்பு திறந்திருக்கும், நாற்றமும் வராது. இரண்டு எமரால்டுகளுக்குப் பணம் கொடுத்துவிட்டு மூன்று இருப்பதாக நினைத்து மகிழ்ந்த வாடிக்கையாளரும் உண்டு என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். தொகுப்பில் வாங்கிய நண்டை இன்னொரு நண்டு தின்றுவிட்டால் இந்த உத்தரவாதம் செல்லாது என்பதும் ரசீதின் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது.